நாலு மௌத்து, ஒரே வருத்தம்: சிறுநீரக நோயும் நாம் எழுதாத குடும்ப வரலாறும்

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக நான் அமைத்த குடும்பம்தான். ஆனால் இதில் வருகிற மாதிரியான மௌத்துகளை நம் ஊரில் கேள்விப்படாதவர் இருக்கமாட்டார். வாப்பாவின் வாப்பா 54 வயதில் "கிட்னி ரெண்டும் பழுதாகி" மௌத்தானார். அவருடைய தங்கச்சி 41 வயதில், சுகமாக இருந்த மனுசி, "தலை நரம்பு வெடிச்சு" ஒரே நாளில் போய்ச் சேர்ந்தார். மூத்த மகனுக்கு 28 வயதிலேயே பிரஷர். குளிசையை ஒழுங்காகப் போடாமல் 49 வயதில் மாரடைப்பு. இளைய மகனுக்கு வாழ்நாள் முழுக்கக் கல்லடைப்பு. கடைசியில் சலத்தில் கிருமி ஏறி, காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை.

குடும்பத்தார் இதை நாலு தனித்தனி விதியாகத்தான் பேசுவார்கள். ஒன்று கிட்னி, ஒன்று மூளை, ஒன்று நெஞ்சு, ஒன்று கல். ஆனால் இந்த நாலுக்கும் பின்னால் ஒரே நோய் இருந்திருக்கலாம். வைத்தியர்கள் அதைப் பொலிசிஸ்டிக் கிட்னி என்பார்கள். தமிழில் பல்நீர்க்கட்டிச் சிறுநீரக நோய். ஒரே நோய் ஒரே வீட்டில் நாலு முகத்தோடு வரும் என்பது தெரியாததால், நாலாவது மௌத்துக்குப் பிறகும் ஐந்தாவது ஆளை யாரும் பரிசோதிக்கச் சொல்வதில்லை.

நோய் என்ன செய்கிறது

சுகமான சிறுநீரகம் ஏறத்தாழ 10 முதல் 12 சென்ரிமீற்றர் நீளம். இந்த நோயுள்ளவரின் இரு சிறுநீரகங்களிலும் சிறு சிறு நீர்க்கட்டிகள் உண்டாகி, ஆண்டுக்கு ஆண்டு பெருத்து, நல்ல சதையை நெருக்கி அழிக்கின்றன. சிறுநீரகம் சுருங்குவதில்லை, பெருக்கிறது. சிலருக்கு இருமடங்குக்கு மேலும் நீளும். ஈரலிலும் கட்டிகள் வரலாம். மூளையின் இரத்தக்குழாயில் பலவீனமான புடைப்பு ஒன்று ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு இருக்கும். அது வெடித்தால்தான் அந்தத் தங்கச்சிக்கு வந்த மௌத்து. 4 அல்லது 5 பேரில் ஒருவருக்குக் கல்லும் சேர்ந்து வரும். கட்டிகள் சிறுநீர் ஓடும் வழியை நெருக்குவதால் சலம் தேங்குகிறது. கல் உருவாவதைத் தடுக்கிற சித்திரேற்று என்ற உப்பும் இவர்களின் சிறுநீரில் குறைவு.

முதலில் தலைகாட்டுவது பெரும்பாலும் பிரஷர். 25, 30 வயதில் ஒருவருக்குப் பிரஷர் என்றால் "வெளிநாட்டு வேலை, யோசனை" என்று சொல்லி விடுகிறோம். கிரியேற்றினின் இரத்தப் பரிசோதனையும் தொடக்கத்தில் காட்டிக்கொடுக்காது. சிறுநீரகத்தின் வேலையில் ஏறத்தாழப் பாதி போன பிறகுதான் அந்த எண் எல்லையைத் தாண்டும். ஆனால் வயிற்றுக்கு எடுக்கும் சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கட்டிகளைக் காட்டிவிடும். குடும்பத்தில் நோய் இருப்பது தெரிந்த ஒருவர் 15 முதல் 39 வயதுக்குள் இருந்து, இரு சிறுநீரகத்திலும் சேர்த்து 3 கட்டி தெரிந்தாலே நோய் உறுதி. 40 முதல் 59 வரை ஒவ்வொன்றிலும் 2 கட்டியாவது இருக்கவேண்டும். வயதானவருக்குச் சும்மா ஓரிரு கட்டி வருவது வழமை, அதற்குப் பயப்படத் தேவையில்லை.

இங்கே ஒரு விசயத்தைக் கவனியுங்கள். ஸ்கேன் முடிவைப் படிப்பதற்கே "குடும்பத்தில் யாருக்கும் இருந்ததா?" என்ற கேள்விக்கு விடை வேண்டும். அந்த விடை ஆஸ்பத்திரியில் இல்லை, நம்மிடம்தான் இருக்கிறது. அல்லது இருந்திருக்க வேண்டும்.

சிதறிப்போன குடும்பக் கதை

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் சொந்த ஊரைவிட்டு விரட்டப்பட்டார்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம், விடத்தல்தீவு, முசலி என்று மன்னார் மாவட்டத்தின் ஊர்கள் வெறுமையாகின. படகில் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்கள் கொண்டுவந்தது உடுத்த உடுப்பும் பிள்ளைகளும்தான். ஆஸ்பத்திரித் துண்டும் கிளினிக் கொப்பியும் யாருடைய கையில் இருந்திருக்கும்?

வீடு, காணி, பள்ளிவாசல், வள்ளம் என்று இழந்தவற்றை எழுதி வைத்திருக்கிறோம். குடும்பத்தின் வருத்த வரலாறும் அதோடு போனதை எழுதவில்லை. மூத்தவாப்பா புத்தளத்து முகாமில் மௌத்தானார். என்ன வருத்தம் என்று கேட்டால் "முகாம் வாழ்க்கை, கவலை" என்பது பதில். ஒரு சாச்சா கொழும்பில், ஒரு மாமி புத்தளத்தில், மீள்குடியேறி வந்த ஒரு நானா முசலியில், மருமகன் கட்டாரில். ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியில் தனி நோயாளி. எல்லாரையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த வைத்தியர் யாருமில்லை. எங்கட ஆட்களுக்கு இந்தக் கட்டுரையின் கதை கூடுதலாகப் பொருந்துவதற்கு இதுதான் காரணம்.

பரம்பரை வரும் மூன்று வழி

"பரம்பரை வருத்தம்" என்று ஒரே சொல்லால் சொன்னாலும் அது இறங்கும் வழி மூன்று. எந்த வழி என்பதைப் பொறுத்தே யார் யாரைப் பரிசோதிப்பது என்பது தீரும்.

முதல் வழி, பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே போதும். பல்நீர்க்கட்டி நோய் இந்த வகை. 16ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள ஒரு மரபணு, அல்லது 4ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள இன்னொன்று பழுதானால் வரும். முதலாவது 1994இலும் இரண்டாவது 1996இலும் கண்டுபிடிக்கப்பட்டன. 16ஆம் நிறமூர்த்தத்துப் பழுது கடுமையானது. இரண்டாவது மெதுவானது, பலருக்கு 70 வயதுக்குப் பிறகுதான் சிறுநீரகம் தோற்கும். நோயுள்ள வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. காசு சுண்டுவது போலத்தான். 4 பிள்ளைகள் என்றால் கட்டாயம் 2 பேருக்கு என்று அர்த்தமில்லை. 4 பேருக்கும் வரலாம், ஒருவருக்கும் வராமலும் போகலாம், இரண்டுக்கும் வாய்ப்பு 16இல் ஒன்று. ஆணும் பெண்ணும் சமம். "இது உன்ட உம்மாட குடும்பத்து வருத்தம்" என்று மருமகளைக் குத்திப் பேசுகிற மாமிமார் இதைக் கேட்கவேண்டும்: கடத்துவதில் வாப்பாவும் உம்மாவும் சமபங்கு. ஒரு தலைமுறையைத் தாண்டிப் போய் அடுத்ததில் இது வருவதும் இல்லை. பழுதான மரபணு தனக்கு இல்லை என்று உறுதியானவரின் பிள்ளைகளுக்கு அவர் வழியாக அது வராது. பரிசோதனை கெட்ட செய்தியை மட்டும் தருவதல்ல. பாதிப்பேருக்கு அது விடுதலைப் பத்திரம்.

இரண்டாம் வழி, தாய் தகப்பன் இருவரும் தங்களுக்குத் தெரியாமலே பழுதைச் சுமக்கவேண்டும். அவர்கள் சுகமாக இருப்பார்கள். பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 4இல் ஒன்று வாய்ப்பு. பரம்பரைக் கல் நோய்கள் இரண்டு பெரும்பாலும் இவ்வழியில் வருபவை. ஒன்று சிஸ்ரினூரியா. 1810இல் வொல்லஸ்டன் என்ற ஆங்கில விஞ்ஞானி சிறுநீர்ப்பைக் கல்லொன்றில் கண்ட புதுப் பொருள்தான் இதன் கல். மற்றது முதல்நிலை ஒட்சலேற்று மிகை நோய். இதில் ஈரல் அளவுக்கு மிஞ்சி ஒட்சலேற்றைச் செய்து தள்ளும். சின்ன வயதிலேயே கல் கல்லாக வந்து சிறுநீரகமே அழியலாம்.

சொந்தத்துக்குள் கலியாணம் செய்யும் நாம் இங்கேதான் நின்று யோசிக்கவேண்டும். ஒருவர் ஓர் அரிய பழுதைச் சுமந்தால், அவருடைய மாமா மகளோ சாச்சா மகளோ அதையே சுமக்கும் வாய்ப்பு 8இல் ஒன்று. அந்நியத்தில் அது நூற்றில் ஒன்றாகவோ அதைவிடக் குறைவாகவோ இருக்கலாம். மார்க்கம் அனுமதித்ததை மருத்துவம் ஹராமாக்கவில்லை; பெரும்பாலான சொந்தக் கலியாணங்களில் பிள்ளைகள் சுகமாகத்தான் பிறக்கிறார்கள். ஆனால் வயதுக்கு வராத பிள்ளைக்குக் கல் வந்தால், அதுவும் பெற்றோர் சொந்தமென்றால், "வெயில், தண்ணி குடிக்கல்ல" என்று விடக்கூடாது. அந்தக் கல்லை எறியாமல் போத்தலில் போட்டுக் கொண்டுபோய்ப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கவேண்டும். அதே குடும்பத்தில் இன்னொரு சொந்தக் கலியாணம் பேசுமுன் வைத்தியரோடு பேசவேண்டும்.

மூன்றாம் வழி, தாய் கடத்தி மகன் படுவது. 1927இல் அல்போர்ட் என்ற வைத்தியர் விவரித்த நோய் பெரும்பாலும் இவ்வகை. சிறுநீரில் இரத்தம், இளவயதில் காது மந்தம், பிறகு சிறுநீரகம் தோற்றல். மாமனுக்குக் காது கேளாது, மருமகனுக்குச் சிறுநீரில் இரத்தம் என்றால் இரண்டையும் சேர்த்து வைத்தியரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் இருப்பதெல்லாம் பரம்பரையல்ல

இதற்கு மறுபக்கமும் உண்டு. சிறுநீரக நோய்க்கு உலகெங்கும் முதற்காரணம் சீனி வருத்தமும் பிரஷரும்தான். நமது அயலில் இன்னொரு வகையும் இருக்கிறது. தலைமன்னார் வீதி தொடங்குகிற மதவாச்சியிலும் பதவியாவிலும் 1990களில் இருந்து விவசாயிகளைப் பிடித்த, காரணம் இன்னும் முடிவாகாத சிறுநீரக நோய் அது. அந்த நோயும் ஒரே குடும்பத்தில் பலருக்கு வந்திருக்கிறது. ஆனால் அந்தக் குடும்பத்தார் ஒரே கிணற்றில் குடித்தவர்கள், ஒரே வயலில் வெயிலில் நின்றவர்கள். வாப்பாவுக்கும் மகனுக்கும் பொதுவாயிருப்பது இரத்தம் மட்டுமா, தண்ணியுமா என்று கேட்கவேண்டும். ஸ்கேனில் ஓரளவு வித்தியாசம் தெரியும்: அந்த நோயில் சிறுநீரகம் சுருங்கும், நீர்க்கட்டி நோயில் பெருக்கும். கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்த மருமகளுக்கும் வருத்தம் என்றால் சந்தேகம் கிணற்றின் பக்கம் திரும்பவேண்டும்.

கல்லடைப்பும் அப்படித்தான். பெரும்பாலான கல் ஒற்றை மரபணுவால் வருவதல்ல. குடும்பத்தில் கல் இருந்தால் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்கு கூடும் என்று ஆய்வு உண்டு. ஆனால் அதில் மரபும் இருக்கிறது, ஒரே சட்டியில் உண்ட உணவும் இருக்கிறது. தீவில் மணலுக்குக் கீழே நல்ல தண்ணி ஒரு மெல்லிய படலம். கூட இறைத்தால் உப்பு ஏறும். தண்ணி உப்பென்றால் மனிதர் குறைவாகத்தான் குடிப்பார். கடலுக்குப் போகிறவர் விடிய விடிய ஒரு போத்தலோடு இருப்பார். இவற்றோடு கருவாட்டின் உப்பும் சேர்ந்தால் கல்லுக்கு வேறென்ன வேண்டும்?

கல்லுக்கு வீட்டுக் கைமருந்தும் அதன் எல்லையும்

சிறுநீரகக் கல்லுக்கும் சிறுநீர்ப்பைக் கல்லுக்கும் தனி நூலே எழுதியவர் அல்ராஸி. அவர் வபாத்தாகி ஆயிரம் ஆண்டுக்கு மேலாகிறது. இன்றும் முதல் மருந்து தண்ணிதான். குடிக்கும் அளவல்ல, போகும் அளவுதான் கணக்கு: ஒரு நாளில் இரண்டரை லீற்றர் சிறுநீர் போகவேண்டும். நம் வெயிலுக்கு அதற்கு 3 லீற்றருக்கு மேல் குடிக்க வேண்டிவரும். சிறுநீர் வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி, தேயிலைச் சாயம் போல இருந்தால் போதாது. தேசிக்காய்த் தண்ணி நல்லது, அதில் சித்திரேற்று உண்டு. உப்புப் போடாமல் குடிக்கவேண்டும். கல்லில் கல்சியம் இருக்கிறதென்று பாலையும் தயிரையும் நிறுத்துவது பிழை. உணவுக் கல்சியம் குடலிலேயே ஒட்சலேற்றைப் பிடித்து வெளியேற்றிவிடும். குறைக்கவேண்டியது உப்பும் இறைச்சியும்தான். ஆனால் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவருக்கு இந்தத் தண்ணிக் கணக்குப் பொருந்தாது. அவருக்கு அளவைச் சொல்லவேண்டியவர் அவருடைய வைத்தியர்.

மூன்று எச்சரிக்கை. ஒன்று, "கல் கரைய" என்று காமரங்காயையும் பிலிம்பிக்காயையும் அரைத்துச் சாறாகக் குடிக்காதீர்கள். அவற்றில் ஒட்சலேற்று மிக அதிகம். அந்தச் சாற்றால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தவர்களை நமது நாட்டு வைத்தியர்களே மருத்துவ ஏடுகளில் பதிந்திருக்கிறார்கள். இரண்டு, நோவுக்கு டைக்ளோபெனக், இபுபுரூபன் குளிசைகளைக் கடையில் வாங்கி நாட்கணக்கில் போடாதீர்கள். குடும்பத்தில் சிறுநீரக நோய் இருந்தால் வைத்தியரைக் கேட்காமல் ஒன்றும் வேண்டாம். மூன்று, கல் நோவோடு நடுக்கமும் காய்ச்சலும் வந்தால் அது பொழுது விடியும்வரை வைத்திருக்கும் வருத்தமல்ல. தேங்கிய சலத்தில் கிருமி சேர்ந்துவிட்டது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

நோய் உறுதியானால்

நீர்க்கட்டி நோயைக் குணமாக்கும் மருந்து இன்றில்லை. ஆனால் ஒன்றும் செய்யமுடியாது என்பதும் பொய். பிரஷரைக் கட்டுக்குள் வைப்பதும், உப்பைக் குறைப்பதும், புகையை விடுவதும் சிறுநீரகத்துக்கும் நெஞ்சுக்கும் ஆண்டுகளை வாங்கித் தரும். வேகத்தைக் குறைக்கும் டொல்வப்ரான் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2018இல் அனுமதி கொடுத்தது. விலை கூடியது, ஈரலைக் கண்காணிக்கவேண்டும், எல்லாருக்கும் உரியதல்ல. குடும்பத்தில் யாராவது மூளை இரத்தக்கசிவால் மௌத்தாகியிருந்தால் அதைச் சொல்லுங்கள். தலைக்கு வேறு ஸ்கேன் எடுக்கவேண்டுமா என்று வைத்தியர் பார்ப்பார். இடி விழுந்த மாதிரித் திடீர்த் தலையிடி வந்தால் காத்திருக்கக்கூடாது. பெண்களுக்கு ஒன்று: பிரஷருக்குக் கொடுக்கும் எனலாப்ரில், லொசார்ட்டான் போன்றவை வயிற்றுப்பிள்ளைக்கு ஆகாதவை. பிள்ளைக்கு யோசிக்கும்போதே வைத்தியரிடம் சொல்லி மாற்றவேண்டும். தானாக நிறுத்தவும் வேண்டாம்.

சிறுநீரகம் தோற்றால் இரத்தச் சுத்திகரிப்பு. கிழமைக்கு 2 அல்லது 3 தடவை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 மணித்தியாலம். மாளிகாவத்தையில் தேசிய சிறுநீரக நிலையமும், பொலன்னறுவையில் 2021இல் திறந்த சிறுநீரக மருத்துவமனையும் இருக்கின்றன. ஆனால் மன்னாரிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கு மேல். சிகிச்சை இலவசம் என்றாலும் பஸ் காசும், துணைக்குப் போகிறவரின் ஒரு நாள் கூலியும் இலவசமல்ல. ஏழை நோயாளியின் இந்தச் செலவை ஜமாஅத்தின் ஸகாத் கணக்கில் முன்கூட்டியே யோசிப்பது பள்ளி நிர்வாகங்களின் கடமை.

மாற்றுச் சிறுநீரகத்தைப் பற்றியும் மனக்குழப்பம் வேண்டாம். நமது நாட்டில் 1985இல் இதைத் தொடங்கிவைத்தவர்கள் பேராசிரியர்கள் ரெஸ்வி ஷெரீபும் ஏ.எச். ஷெரிப்தீனும். 1987இன் 48ஆம் இலக்கச் சட்டம் இதை ஒழுங்குபடுத்துகிறது. 1988இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அக்கடமி, கொடுப்பவரின் உயிருக்கு ஆபத்தில்லாமல், விலை பேசாமல் கொடுப்பதை நிபந்தனைகளோடு அனுமதித்தது. ஆனால் பரம்பரை நோயுள்ள குடும்பத்தில் ஒரு விசேட ஆபத்து உண்டு. "என்ட நானாவுக்கு நான் தாறேன்" என்று அன்போடு முன்வரும் தம்பிக்கும் அதே நோய் ஒளிந்திருக்கலாம். இளவயதில் ஸ்கேன் தெளிவாக இருப்பது மட்டும் போதாது. மரபணுப் பரிசோதனையும் தேவைப்படலாம். சரியாகப் பார்க்காமல் எடுத்தால் ஒரு நோயாளி இரண்டு நோயாளி ஆவார்.

நோன்பில், நோயாளிக்கு அல்லாஹ் கொடுத்த சலுகையைச் சூரா பகரா தெளிவாகச் சொல்கிறது. கல் மட்டும் உள்ளவர் இப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் தண்ணியைப் பிரித்துக் குடித்து நோற்கமுடியுமா என்று வைத்தியரிடம் கேட்கலாம். சிறுநீரகம் தளர்ந்தவரும் சுத்திகரிப்பில் இருப்பவரும் வைத்தியர் வேண்டாமென்றால், ஆலிமிடம் கேட்டுப் பித்யாக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கவேண்டும். சலுகையை மறுப்பது தக்வா அல்ல.

கலியாணப் பேச்சும் வாய்மூடலும்

நோயைவிட மக்கள் பயப்படுவது கலியாணப் பேச்சுக்குத்தான். "வெளியில சொன்னா குமருகள் தங்கிப் போகும்" என்று ஸ்கேன் ரிப்போர்ட்டை அலுமாரிக்குள் வைக்கிறோம். அந்தப் பயம் வெறும் பயமல்ல, நமது சமூகம் அப்படித்தான் நடந்துகொள்கிறது. அதனால் கண்டனம் மறைப்பவரின் மேல் மட்டுமல்ல, கேள்விப்பட்டதும் பின்வாங்குகிற நம் எல்லாரின் மேலும் விழவேண்டும்.

பாத்திமா பின்த் கைஸ் என்ற ஸஹாபிப் பெண்மணி, தன்னைப் பெண் கேட்டவர்களைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டபோது, அவர்களிடமிருந்த குறையை நபியவர்கள் மறைக்காமல் சொன்னது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. கலியாண ஆலோசனையில் உண்மை சொல்வது புறமாகாது என்று இமாம் நவவி ரியாளுஸ் ஸாலிஹீனில் விளக்குகிறார். ஆனால் அது ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதற்கான அனுமதியல்ல. சம்பந்தப்பட்டவருக்கு, சம்பந்தப்பட்ட அளவுக்கு, நோயுள்ளவரே சொல்வதுதான் முறை. எப்படிச் சொல்வது? "எங்கட வாப்பாவுக்கு இந்த நோய். எனக்கு ஸ்கேன் எடுத்தாச்சு, முடிவு இது. பிள்ளைக்கு இவ்வளவு வாய்ப்பு. பிரஷர் கட்டுக்குள்ள இருக்கு." இப்படி எண்ணோடும் ரிப்போர்ட்டோடும் பேசுகிற ஒருவரைப் பார்த்து ஓடுகிற சம்பந்தம், நோயில்லாவிட்டாலும் வேறொரு நாள் ஓடியிருக்கும்.

ஒரு கொப்பி போதும்

செய்யவேண்டியது பெரிய காரியமல்ல. ஒரு சீஆர் கொப்பி எடுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மூன்று தலைமுறையை, வாப்பா வழியும் உம்மா வழியும் வரையுங்கள். ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் எழுதவேண்டியவை: பிறந்த ஆண்டு, பிரஷர் எந்த வயதில், கல் எந்த வயதில், சிறுநீரகம் எப்போது தோற்றது, தலை இரத்தக்கசிவு உண்டா, காது மந்தம் உண்டா, எந்த வயதில் மௌத்து, பெற்றோர் சொந்தமா. பெருநாளைக்குப் புத்தளத்திலும் மன்னாரிலும் கூடுகிறபோது கேளுங்கள். வயது போன மாமிமாருக்கும் பெரியும்மாமாருக்கும் எல்லாம் தெரியும். இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பட்டும்.

அந்த வரைபடத்தில் ஒரே பக்கத்தில் இரண்டு சிறுநீரகம், ஒரு மூளை, ஒரு இளவயதுப் பிரஷர் என்று வந்தால் கொப்பியோடு வைத்தியரிடம் போங்கள். 18 வயதுக்கு மேற்பட்டவர்கள், விளக்கம் பெற்று, விரும்பி, ஸ்கேன் எடுக்கட்டும். சின்னப் பிள்ளைகளுக்கு அறிகுறி ஒன்றும் இல்லையென்றால் ஆண்டுக்கொருமுறை பிரஷர் பார்ப்பதே பெரும்பாலும் போதும். மற்றதை அவர்கள் வளர்ந்து தீர்மானிப்பார்கள். வரைபடத்தில் ஒன்றும் வராவிட்டால் அல்ஹம்துலில்லாஹ். அந்தக் கொப்பி பேரப்பிள்ளைகளுக்கு உதவும். கேட்டுச் சொல்லக்கூடிய மாமிமார் உயிரோடு இருக்கும்போதே எழுதுவதுதான் முக்கியம்.